ஜானவாசத்துக்குப் போன சிவப்பு பேலியோ

"இந்தத் திருவனந்தபுரத்துல என் வண்டியை முந்திண்டு போறதுக்கு இனிமேதான் ஒருத்தன் பொறந்து வரணும்!"

2003-ஆம் வருடம், மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றின் காலையில், கல்லாறு டீக்கடை வாசலில், கையில் பாதி கடித்த பழம்பொரியுடன் கரமனை கைலாஷ் இவ்வாறு அறிவித்தான். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் ஏழு பேரும் ஒரு நாயும். ஏழு பேரும் நம்பினார்கள். நாய் பழம்பொரியையே பார்த்துக்கொண்டிருந்தது.

அறிவிப்பு வெளியான நாற்பதாவது நிமிடத்தில், நெடுமங்காட்டுக்கு இந்தப் பக்கம், ஓர் அரசு பஸ் அவனைச் சாவகாசமாக முந்திக்கொண்டு போனது. கைலாஷ் அதிர்ந்துபோனான். ஆனால் நிதானம் இழக்கவில்லை. பஸ் பொதுச்சொத்து, ஆகையால் கணக்கில் வராது என்று மறுவாரமே தீர்ப்பாயிற்று. அதன்பின் ஆம்புலன்ஸ் இரக்கத்தின் பேரிலும், போலீஸ் ஜீப் சட்டத்தின் மேலுள்ள மரியாதையின் பேரிலும் விலக்கு பெற்றன. பட்டம் ஜங்ஷனில் ஓர் ஆட்டோ முந்தியபோது அதில் பால் கேன்கள் இருந்தது நல்லதாகப் போயிற்று. குழந்தைகள் குடிக்கிற பாலோடு யார் போட்டி போடுவார்கள்? இப்படியாக அந்த வாக்கு ஒரு கீறலும் விழாமல் காப்பாற்றப்பட்டு வந்தது.

கைலாஷுக்கு அப்போது முப்பத்தொரு வயது. செக்ரட்டேரியட்டில் செக்‌ஷன் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்ற சுந்தரராமனுக்கும் சூடாமணிக்கும் மூத்த பிள்ளை. தங்கை ஸ்ரீலக்ஷ்மி அவனைவிட ஆறு வயது சிறியவள். அவனுக்கு ஓர் இன்சூரன்ஸ் ஆபீசில், மோட்டார் வண்டிப் பிரிவில் வேலை. காலை பத்து மணியிலிருந்து மாலை ஐந்தரை வரை, விபத்தில் நசுங்கிய வண்டிகளின் ஃபைல்களைப் புரட்டி, "உரிமையாளர் வாகனத்தில் அனுமதியற்ற மாற்றங்களைச் செய்துள்ளார், கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது" என்று அழகான கையெழுத்தில் எழுதுவான். ஐந்தரை அடித்ததும் நேரே கிள்ளிப்பாலத்தில் இருக்கும் சஜினின் ஒர்க்‌ஷாப்புக்குப் போய், தன் வாகனத்தில் அனுமதியற்ற மாற்றங்களைச் செய்வான். அவனுடைய மனசாட்சிக்கும் ஆபீஸ் நேரம்தான்.

வண்டி ஒரு சிவப்பு நிற ஃபியட் பேலியோ கார், 1.6 இன்ஜின். சின்ன உடம்பில் பெரிய இன்ஜின். கம்பெனிக்காரர்கள் அதை நல்ல வண்டியாகத்தான் செய்து கொடுத்திருந்தார்கள். கைலாஷ் அதைத் திருத்த ஆரம்பித்தான்.

முதலில் ஸ்பிரிங்கை வெட்டி வண்டியைத் தரையோடு தரையாக இறக்கினான். அடியில் ஒரு செய்தித்தாளை நுழைக்கலாம். ஞாயிறு இணைப்போடு சேர்த்து நுழைக்க முடியாது. பிறகு புகைக்குழாயை மாற்றினான். அன்றிலிருந்து அவன் கரமனைப் பாலத்தில் ஏறும்போதே அக்ரஹாரத்தில் சூடாமணி அடுப்பில் தோசைக்கல்லைப் போட்டுவிடுவாள். பின் சீட்டைக் கழற்றிய நாள்தான் சுந்தரராமன் முதன்முதலாக வண்டிக்குள் தலையை நீட்டிப் பார்த்தார்.

"பின்னாடி சீட்டு எங்கடா?"

"எடுத்தாச்சுப்பா. வெயிட்டு."

"அப்போ நானும் உங்கம்மாவும் எங்க ஒக்காரறது?"

"அதாம்ப்பா சொன்னேனே, வெயிட்டுன்னு."

சுந்தரராமன் தலையை வெளியே எடுத்துக்கொண்டார். அவர் 1969-இல் லைசென்ஸ் எடுத்தவர். இண்டிகேட்டர் விளக்குகளை நம்பாத தலைமுறை. திரும்புவதற்கும் நிற்பதற்கும் வழி விடுவதற்கும் கையை வெளியே நீட்டித்தான் காட்டுவார். பழைய ஃபியட்டை விற்றபிறகும் அந்தக் கை ஓயவில்லை. ஆட்டோவின் பின்சீட்டில் உட்கார்ந்து அவர் வலது கையை நீட்டிச் சிக்னல் கொடுக்க, ஓட்டுகிறவன் வேறு பக்கம் திரும்ப, தம்பானூரில் ஒருமுறை பெரிய கலாட்டாவே ஆயிற்று. அப்படிப்பட்டவருக்குச் சிவப்பு வண்டியின் ஸ்டியரிங்கை ஒருநாள்கூட கைலாஷ் தொடக் கொடுத்ததில்லை.

அடுத்த மாதம் கூரையில் சதுரமாக ஒரு திறப்பு வந்தது.

"மேல என்னடா ஓட்டை?"

"ஸன்ரூஃப்ப்பா."

"மழை பேஞ்சா?"

"மூடிக்கலாம்."

"மூடிக்கறதுக்குன்னா, முன்னாடி மூடித்தானேடா இருந்தது?"

கைலாஷ் அதை ஒருமுறை திறந்து மூடிக் காட்டிவிட்டுக் கிளம்பினான்.

கல்லாறு டீக்கடையில் கூடுகிற அந்தக் கூட்டத்துக்கு 'அனந்தபுரி ஸ்பீட் பிரதர்ஸ்' என்று பெயர். எட்டு வண்டி, எட்டு பேர். தலைவன் கைலாஷ். துணைத்தலைவன் பிஜு. பாறசாலைக்காரன், சர்ச்சில் கிட்டார் வாசிப்பவன், மாருதி ஸென் வைத்திருந்தான். ஞாயிறு காலை ஆறரைக்குப் பொன்முடி ஏறி இறங்கி, இட்லி தின்று, ஒருவன் வண்டியில் மற்றவன் குறை கண்டுபிடித்து, ஆராதனைக்குப் பிஜு நேரத்தோடு போய்ச் சேரவேண்டும் என்பதால் ஒன்பதுக்குள் கலைந்துவிடுவார்கள். சங்கத்துக்கு ஐந்து விதிகள் உண்டு. எல்லாம் கைலாஷ் எழுதியவை. மூன்றாவது விதி கடுமையானது: தள்ளப்பட்ட வண்டியின் சொந்தக்காரன் அன்றோடு சங்கத்தை விட்டு விலக வேண்டும். அந்த விதிப்படி போன வருடம் வேலாயுதன் விலக்கப்பட்டான். அக்ரஹாரத்துக்கு அடுத்த தெருவில் பலசரக்குக் கடை வைத்திருப்பவன். அவனுடைய பழைய மாருதி, மழையில் நின்றுபோய், கைலாஷின் கண்ணெதிரே இரண்டு பேரால் தள்ளப்பட்டது. வேலாயுதன் கெஞ்சிப் பார்த்தான். கைலாஷ் விதியைக் காட்டினான்.

இனி ஃபேன் விஷயத்துக்கு வர வேண்டும். ரேடியேட்டருக்குப் பின்னால், இன்ஜினைக் குளிரவைக்க ஒரு மின்விசிறி இருக்கும். ஃபேனும் மோட்டாரும் கூடுமாகச் சேர்ந்து மூன்று கிலோ. பந்தய வண்டிகளில் அதைக் கழற்றிவிடுவார்கள் என்று கைலாஷ் எங்கேயோ படித்துவிட்டான்.

சஜின் ஸ்பானரைக் கையில் வைத்துக்கொண்டு தலையைச் சொறிந்தான். "அண்ணா, ஓடும்போ காத்து வரும், செரி. ஜங்ஷன்ல நின்னா சூடாயிருமில்லே?"

"சஜினே, நான் எங்கடா நிக்கப் போறேன்?"

ஃபேன் கழன்றது. மூன்று கிலோ குறைந்தது. அன்று சாயங்காலம் சூடாமணி வார்த்துப் போட்ட அடையில் அதில் ஒரு நல்ல பங்கு வண்டிக்குத் திரும்ப வந்து சேர்ந்தது.

2004 மே மாதம் ஸ்ரீலக்ஷ்மிக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை அனந்தநாராயணன், பாலக்காட்டுப் பக்கம், கெமிஸ்ட்ரி லெக்சரர். ஆறடி உயரம், அதற்கேற்ற சுற்றளவு. முந்தின நாள் சாயங்காலம் ஜானவாசம். மாப்பிள்ளையைக் கோயிலிலிருந்து கல்யாண மண்டபத்துக்குத் திறந்த காரில், மேளதாளத்தோடு, ஊர் பார்க்க, மெல்ல மெல்ல அழைத்துவர வேண்டும். மெல்ல என்பதுதான் அதன் உயிர். சுந்தரராமன் சாலைக் கடைத்தெருப் பக்கத்திலிருந்து ஒரு திறந்த காரை ஏற்பாடு செய்திருந்தார். கூரை இல்லாத, கிழட்டு, நீலக் கார்.

கைலாஷுக்கு இது பெரிய அவமானமாகப் பட்டது. ஊரிலேயே முந்த முடியாத வண்டி வாசலில் நிற்கும்போது தங்கை மாப்பிள்ளை வாடகை வண்டியிலா வருவது? ஃபோனை எடுத்தான், நீலக் காரை வேண்டாம் என்று சொல்லிவிட்டான். அப்புறம்தான் வீட்டில் சொன்னான்.

"உன் வண்டியில மாப்பிள்ளை எங்கடா ஒக்காருவார்?" சுந்தரராமன் எழுந்துவிட்டார். "சீட்டே இல்லையேடா!"

"ஒக்கார மாட்டார்ப்பா. நிப்பார். உள்ள ஒரு ஸ்டூலைப் போட்டு, ஸன்ரூஃப் வழியா இடுப்புக்கு மேல வெளியில. ராஜா மாதிரி."

கூரையில் ஏன் ஓட்டை என்ற கேள்விக்கு இப்படி ஒரு பதில் வரும் என்று சுந்தரராமன் எதிர்பார்க்கவில்லை. அவர் சோபாவில் உட்கார்ந்துவிட்டார்.

சூடாமணிதான் நடைமுறையாகக் கேட்டாள். "மண்டப வாசல்ல மாப்பிள்ளைக்கு மாலை போட்டு உள்ள அழைச்சுண்டு போறது பொண்ணோட அண்ணா. அது நீயாக்கும். வண்டி ஓட்டிண்டே எப்படிடா மாலை போடுவாய்?"

"வந்து நிறுத்தறேன். இறங்கறேன். போடறேன். மூணு செகண்டு."

"அவா வரச்சே நீ வாசல்ல காத்துண்டு நிக்கணும்டா. அவா வந்து நின்னப்புறம் வேர்க்க வேர்க்க ஓடி வந்து பிடிக்கறதுக்கு அது என்ன பஸ்ஸா?"

ஸ்ரீலக்ஷ்மி எதிலும் தலையிடவில்லை. ஜானவாசத்தன்று மத்தியானம், மருதாணிக் கையை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு அண்ணனிடம் வந்தாள்.

"அண்ணா, ஒண்ணே ஒண்ணு. ஏழரைக்குள்ள லக்னப் பத்திரிகை வாசிக்கணுமாம். அதுக்கப்புறம் நேரம் சரியில்லைன்னு அவாத்துப் பெரியப்பா ரெண்டு தரம் சொல்லியாச்சு. அவர் மண்டபத்துக்கு நேரத்துக்கு வந்து சேரணும். கொண்டுவந்து சேர்த்துடுவாயோன்னோ?"

"அறுநூறு மீட்டர்டீ. பத்தொம்பது செகண்டு போறும்," என்றான் கைலாஷ்.

சாயங்காலம் ஆறரைக்குக் கணபதி கோயில் வாசலில் ஊர்வலம் புறப்பட்டது. முன்னால் நாதஸ்வரம் குற்றாலலிங்கம், தென்காசிப் பக்கத்திலிருந்து வரவழைக்கப்பட்டவர். நடுவில் மல்லிகைச் சரம் சுற்றிய சிவப்பு பேலியோ. கூரைக்கு மேல், கோட்டும் சூட்டும் மாலையுமாக மாப்பிள்ளை, பாதி புதைத்த சிலைபோல. பின்னால் ஸ்பீட் பிரதர்ஸ் ஏழு பேர், ஒரே மாதிரி சட்டையில். அவர்களுக்கும் பின்னால் இரண்டு வீட்டுச் சனமும்.

கைலாஷ் சாவியைத் திருப்பினான்.

தவில்காரர் கையிலிருந்த குச்சியைக் கீழே போட்டுவிட்டார். கோயில் புறாக்கள் மொத்தமாகக் கிளம்பிப் போயின. மூன்று நாள் திரும்பவில்லை. குற்றாலலிங்கம் மட்டும் நாதஸ்வரத்தைத் தாழ்த்தி, கண்ணாடியருகே வந்து குனிந்தார்.

"தம்பி, நீங்கதான் வாசிக்கப் போறீயன்னா சொல்லிருங்க. நான் உறைக்குள்ள போட்டுருதேன்."

இது முதல் அதிர்ச்சி. இரண்டாவதை வண்டி கொடுத்தது. திருத்தப்பட்ட அந்த வண்டிக்கு நடக்கத் தெரியாது. கிளட்சை விட்டால் பாயும், மிதித்தால் நிற்கும், இரண்டுக்கும் நடுவே ஒன்றும் இல்லை. ஆகவே அது தெருவில் ஒரு பாய்ச்சல், ஒரு நிறுத்தம், ஒரு பாய்ச்சல், ஒரு நிறுத்தம் என்று போனது. நிற்கும்போதெல்லாம் ஸ்டூல் மேலிருந்த மாப்பிள்ளை இடுப்பு வரை முன்னால் மடங்கி நிமிர்ந்தார். திண்டாட்டம் அவருக்கு; தெருவுக்கோ அது வேறு மாதிரி தெரிந்தது.

"பாருங்கோ, எத்தனை பணிவு! ஆத்துக்கு ஆத்து குனிஞ்சு சேவிச்சுண்டு வரார்!" என்று தன் வாசலில் நின்றிருந்த நாகலக்ஷ்மி மாமி கண்கலங்கினாள். இரண்டு பக்கத்து வாசல்களிலும் பெரியவர்கள் பதிலுக்குக் கும்பிட்டார்கள். ஒருவர் ஆசீர்வாதமே செய்துவிட்டார்.

உள்ளே கைலாஷுக்குக் கண்ணாடியில் மாப்பிள்ளையின் பேண்ட் மட்டும் தெரிந்தது. அதைவிடத் தெளிவாக வேறொன்று தெரிந்தது. டாஷ்போர்டில் அவனே பதித்திருந்த மூன்று மீட்டர்களில் நடுவில் இருந்தது சூடு காட்டுவது. பொன்முடி ஏறும்போதுகூடப் பாதியைத் தாண்டாத முள், இங்கே ஐந்தாவது வீட்டு வாசலில் முக்காலுக்குப் போயிருந்தது. நான் எங்கடா நிக்கப் போறேன் என்று ஒர்க்‌ஷாப்பில் கேட்டவனுக்கு, சஜினால் சொல்ல முடியாத பதிலை அந்த முள் சொல்லிக்கொண்டிருந்தது. ஒன்பதாவது வீட்டில் சிவப்பு. தெருவின் நடுவிலிருக்கும் வேகத்தடை ஹம்பின் மேல் முன்சக்கரம் ஏறி இறங்கியதும் வயிறு தட்டி வண்டி உட்கார்ந்தது. மாப்பிள்ளையின் எடையைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாமல் அந்த ஹம்பைப் போன வாரம் அவன் நான்கு முறை தாண்டி ஒத்திகை பார்த்திருந்தான்.

அப்போது பானெட்டிலிருந்து ஆவி எழுந்தது. முதலில் ஊதுவத்திபோல. பிறகு இட்லிப் பாத்திரம்போல. பிறகு மாப்பிள்ளை மறைந்துபோகும் அளவுக்கு.

"ஐயய்யோ, புகை! புகை!"

"மாப்பிள்ளையை இறக்குங்கோ!"

"இறக்கப்படாது!" என்று கத்தினார் மாப்பிள்ளையின் பெரியப்பா. "ஜானவாசம் பொறப்பட்டாச்சுன்னா மண்டப வாசல்லதான் கால் தரையில படணும். நடுத்தெருவுல இறக்கறதாவது! எங்காத்துல அப்படி வழக்கமில்லை!" கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மணி ஏழு. எனக்கு அப்பவே தெரியும்."

கைலாஷ் இன்ஜினை நிறுத்தினான். நாதஸ்வரமும் நின்றது. ஆவிக்குள்ளிருந்து மாப்பிள்ளை மட்டும் மெதுவாகக் கேட்டார்: "கைலாஷ், கூலன்ட் கொதிக்கறதா? ஃபேன் ஓடற சத்தமே கேக்கலையே?"

கெமிஸ்ட்ரி படித்தவர்களிடம் எதையும் மறைக்க முடியாது.

கைலாஷ் கீழே இறங்கினான். முன்னால் முந்நூறு மீட்டர் தள்ளி மண்டபத்தின் சீரியல் விளக்குகள் எரிந்தன. அதற்குள் ஒருத்தி மருதாணிக் கையோடு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். பின்னால் ஏழு பேர் ஒரே மாதிரி சட்டையில், தலைவன் என்ன சொல்லப் போகிறான் என்று அவன் முகத்தையே பார்த்தார்கள். மூன்றாவது விதியை அவர்கள் எல்லோரும் மனப்பாடமாக அறிவார்கள்.

கைலாஷ் பானெட்டைத் தொட்டுப் பார்த்தான். சுட்ட கையை உதறினான்.

"தள்ளணும்," என்றான்.

பிஜு காதைத் தேய்த்துக்கொண்டான். "என்னது?"

"வண்டியைத் தள்ளணும்டா."

"அளியா, நீயா சொல்லுக? மூணாவது விதி..."

"விதி கிடக்கட்டும். தள்ளு."

யாரும் நகரவில்லை. கூட்டத்திலிருந்து ஒருவன் மட்டும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தான். வேலாயுதன். கல்யாணத்துக்கு மளிகை போட்டவன் என்ற முறையில் ஊர்வலத்தில் இருந்தான்.

"மாறி நில்லுங்க, அண்ணா," என்றான். "எனக்கு இது பழக்கமாக்கும்."

அதற்குமேல் ஸ்பீட் பிரதர்ஸால் சும்மா நிற்க முடியவில்லை. எட்டுப் பேர் குனிந்து பின்பக்கத்தைத் தூக்கினார்கள். "ஏலேய் பிடி, அந்தப் பக்கம் பிடிடே, மாப்பிள்ள தும்மிராதீரும்!" என்று பிஜு கூவ, நூறு குதிரை சக்தி கொண்ட வண்டி ஹம்பைத் தாண்டி மெத்தென்று இறங்கியது.

"ஸ்டியரிங்கை யாரு பிடிக்கறது?"

கைலாஷ் சுற்றிப் பார்த்தான். வண்டி ஓட்டத் தெரிந்தவர்கள் அத்தனை பேரும் வண்டியின் பின்னால் இருந்தார்கள். ஒருவரைத் தவிர. சுந்தரராமன் ஜிப்பாப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட லைசென்ஸை எடுத்து நீட்டினார்.

"2006 வரைக்கும் செல்லும்," என்றார்.

கைலாஷ் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டான். சுந்தரராமன் மாப்பிள்ளையின் கால்களுக்கு ஒரு நமஸ்காரம் சொல்லிவிட்டு உள்ளே குனிந்து, மெல்ல, கோயில் நடையில் ஏறுகிறவர்போல் ஏறி உட்கார்ந்தார். ஹேண்ட் பிரேக்கை எடுத்தார்.

வண்டி நகர்ந்தது.

சத்தமில்லை. குலுக்கலில்லை. ஆளுக்கு ஒரு கை கொடுத்த வேகத்தில், ஜானவாசத்துக்கு என்ன வேகம் வேண்டுமோ அந்த வேகத்தில், சிவப்பு பேலியோ முதன்முறையாக நடந்தது. குற்றாலலிங்கம் திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து கல்யாணி ராகத்தை எடுத்தார். மாப்பிள்ளை நிமிர்ந்து நின்றார். நாகலக்ஷ்மி மாமி பக்கத்து வீட்டுக்காரியிடம், "இப்பத்தான் ஓட்டத் தெரிஞ்சவா ஓட்டறா," என்றாள்.

கைலாஷ் வேலாயுதனின் தோளோடு தோளாகத் தள்ளிக்கொண்டு வந்தான். மண்டபம் நூறு மீட்டர் இருக்கும்போது வாசலில் சூடாமணி வெள்ளித் தட்டில் மாலையோடு வந்து நின்று, கழுத்தை நீட்டி யாரையோ தேடுவது தெரிந்தது. மண்டபத்துக் கடிகாரத்தில் ஏழு பதினெட்டு.

"அளியா, நீ போ," என்றான் பிஜு. "மாலை போடணும்லா? இத நாங்க கொண்டு வந்து சேக்குதோம்."

கைலாஷ் கையிலிருந்த கரியை வேட்டியின் உட்புறத்தில் துடைத்தான். வேலாயுதனின் முதுகில் ஒரு தட்டு தட்டினான். பிறகு வண்டியின் வலது பக்கமாக விலகி, ஓடாமல், சற்றே எட்டி நடை போட்டான். பின்சக்கரத்தைக் கடந்தான். வெட்டிய கூரைக்குக் கீழே மாப்பிள்ளையின் பாலிஷ் போட்ட ஷூவைக் கடந்தான். மேளத்தில் எல்லோரும் லயித்திருந்தார்கள், ஒருவரும் கவனிக்கவில்லை. விலக்குக் கொடுக்கப் பஸ் இல்லை, ஆம்புலன்ஸ் இல்லை, பால் கேனும் இல்லை.

முன் கதவுக்கு அவன் வந்தபோது, ஓரக்கண்ணாடியில் பார்த்த சுந்தரராமன், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், வலது கையை ஜன்னலுக்கு வெளியே முழங்கை வரை நீட்டி, முன்னும் பின்னுமாக இரண்டு முறை ஒழுங்காக அசைத்தார்: வழி இருக்கிறது, முந்திப் போகலாம்.

கைலாஷ் முந்திப் போனான்.